ஆர் தந்த சீலை

வெள்ளைப்பாறைத் தோட்டம், மேல் டிவிசன்,
தெமோதரை.
14.2.1960

டாக்டர் ஐயா அவர்களுக்கு அங்கம்மா எழுதிக்கிறது.

ஐயாவுக்கு என்னை ஞாபகம் இருக்காது. தோட்டத்து ஆபீசுல பெரிய கிளாக்கரா இருந்த கனகசபை ஐயா வீட்டுல வேலைக்கு நின்னவ நான். நீங்க அங்க வர்றப்ப தேத்தண்ணி கொண்டாந்து வச்சுட்டு உள்ள போயிருவேன். எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது கிளாக்கர் சம்சாரம் ஜெயமலர் அம்மாதான். அதனால இன்னொருத்தரக் கெஞ்சாம நானே இதை எழுதுறேன். உங்க விலாசத்த இப்ப டிஸ்பென்சரியில இருக்குற மருந்து ஐயாகிட்ட வாங்கினேன்.

விசயம் இராக்கம்மாவப் பத்தி. மூணாம் நம்பர் லயத்துல இருந்தவ, மாடசாமி அண்ணன் சம்சாரம், சின்னதுல இருந்து என் கூட்டாளி. நாப்பத்தெட்டாம் வருசம் கார்த்திகை மாசம், விடாத மழை. ஒரு செவ்வாக்கிழமை காலையில வயித்து வலின்னு உங்க டிஸ்பென்சரிக்கு வந்தா. அன்னிக்கு ஒரு நல்ல சீலை கட்டியிருந்தா. நீங்க அவள மேலயும் கீழயும் பாத்துட்டு, "சுகமில்லாதவள் இப்பிடியோ சோடிச்சுக்கொண்டு வருவாள்? எந்தக் கலியாணத்துக்குப் போறாய்?"னு கேட்டீங்க. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. "இது கிளாக்கர் வீட்டுச் சீலை மாதிரியெல்லோ கிடக்கு. ஆர் தந்தது? கிளாக்கரோ?"ன்னீங்க. வரிசையில நின்ன சனம் சிரிச்சுச்சு. அவ ஒண்ணும் பேசல. வேலைக்குப் போகலாம்னு துண்டு எழுதிக் குடுத்தீங்க. லயத்துக்கு வந்து உடுப்ப மாத்திக்கிட்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போனா. ரெண்டு மணி போல தேயிலை நெரைக்குள்ள கூடையோட சாஞ்சா. தூக்கிட்டு வர்ற வழியிலேயே உசுரு போயிருச்சு.

அதுக்கு நாயம் கேக்க இப்ப எழுதல ஐயா. செத்தவ திரும்பி வரப் போறதில்ல. ஆனா நீங்க சிரிச்சுக்கிட்டுக் கேட்ட அந்த ஒரு கேள்வி மட்டும் இந்தத் தோட்டத்துல சாகாமக் கெடக்கு. கிளாக்கர் வச்சிருந்தவன்னு அவளுக்குப் பேராகிப் போச்சு. மாடசாமி அண்ணன் பன்னெண்டு வருசமா அவ பேரச் சொன்னதில்ல. அவ செத்த தேதிக்கு ஒரு விளக்கு ஏத்துனதில்ல.

அவ மக பெரியாயிக்கு அப்ப அஞ்சு வயசு. இப்ப பதினேழு. எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து கந்தப்பன்னு ஒரு பையனுக்குப் பொண்ணு கேட்டு வந்தாங்க. பையனுக்குப் புள்ளையப் புடிச்சுப் போச்சு. பேசிக்கிட்டு இருக்கும்போதே பையனோட அம்மா கேட்டுச்சு: "தாய்க்காரி கிளாக்கர் சீலை கட்டுனவன்னு சொல்றாங்களே, நெசமா?"

மாடசாமி அண்ணன் தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. வந்தவங்க தேத்தண்ணியத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க. புள்ள அடுப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

அந்தச் சீலைய எந்த ஆம்பளையும் அவளுக்குக் குடுக்கல. அது எனக்குத் தெரியும். ஐயா நாலு வரி எழுதி அனுப்பணும். அவ நெசமாவே சீக்காத்தான் வந்தா, கிளாக்கர் பேர நான் வெளயாட்டுக்குச் சொன்னேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதுனாப் போதும். ஒரு புள்ளையோட வாழ்க்கை அதுல இருக்கு.

அங்கம்மா

~

சாவகச்சேரி
3.3.1960

அங்கம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடங்களாகின்றன. வெள்ளைப்பாறையில் மட்டும் பதினான்கு வருடம் இருந்தேன். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேர் வருவார்கள். மழைக்காலத்தில் நூறும் வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போகாமலிருக்கத் துண்டு கேட்டு வருகிறவர்கள். இது உனக்கும் தெரியும். யார் உண்மையில் நோயாளி, யார் நடிக்கிறார்கள் என்பதை ஒரு பார்வையில் தீர்மானிக்க வேண்டிய வேலை அது. தவறினால் தோட்டத்துத் துரை என்னைத்தான் கேட்பார்.

நீ சொல்லுகிறபடி நீலச் சீலை உடுத்திய ஒரு பெண் வந்ததாகவோ, நான் அவளிடம் அப்படிப் பேசியதாகவோ எனக்கு நினைவில்லை. லயங்களில் உலாவும் கதைகளுக்கெல்லாம் நான் பொறுப்பாளியாக முடியாது. கனகசபையர் மரியாதையான மனிதர். அவருடைய பெயர் வருகிற ஒரு காகிதத்தில் நான் கையெழுத்திடுவது முறையுமல்ல. அந்தப் பிள்ளையின் தகப்பன் வாய் திறந்து மறுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மறுக்காதது அவனுடைய குற்றம்.

பிள்ளைக்கு வேறு நல்ல இடம் அமையும். இது பற்றி இனி எழுதத் தேவையில்லை.

இ. செல்வரத்தினம்

~

வெள்ளைப்பாறைத் தோட்டம்
20.3.1960

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

எழுத வேணாம்னு சொல்லியும் எழுதுறேன். கோவிக்காதீங்க.

உங்க கடுதாசிய மூணு தரம் படிச்சேன். பொறகு நான் உங்களுக்கு எழுதுனது என்னான்னு ஒரு தரம் மனசுல ஓட்டிப் பாத்தேன். நான் நல்ல சீலைன்னுதான் எழுதுனேன் ஐயா. நீலம்னு எழுதல.

நெறம் உங்களுக்கு ஞாபகம் இருக்கு. அப்ப மத்ததும் ஞாபகம் இருக்கும்.

அவ நடிக்க வந்தவ இல்ல. நீங்க மறந்துட்ட இன்னொரு நாளையும் சொல்றேன். அந்தச் செவ்வாக்கிழமைக்கு அஞ்சு நாள் முன்னால, வியாழக்கிழமை, அவ ஒரு தரம் உங்ககிட்ட வந்தா. மலையில நிக்கும்போது வலி வந்து, கங்காணிகிட்டச் சொல்லிட்டு அப்பிடியே எறங்கி வந்தா. இடுப்புல கட்டுன படங்குச் சாக்கு நனைஞ்சு சேறா இருந்துச்சு. தலையில கம்பளி. காலுல அட்டை கடிச்ச ரத்தம். நான் அப்ப கிளாக்கர் வீட்டுக்கு இருமல் தண்ணி வாங்க அங்க வந்து நின்னேன். என் கண்ணால பாத்தேன். நீங்க லேஞ்சிய மூக்குல வச்சுக்கிட்டு, "அங்கேயே நில். இந்த ஊத்தையோட உள்ளே வராதே. மனிசர் மாதிரி உடுத்துக்கொண்டு வா"ன்னீங்க. கம்பவுண்டர் வாசப்படியில வச்சே ஒரு மடக்கு மருந்து ஊத்திக் குடுத்தான். அவ்வளவுதான்.

அதனாலதான் ஐயா, ரெண்டாந் தரம் அவ மனுசர் மாதிரி உடுத்திக்கிட்டு வந்தா. காலையில எந்திரிச்சு, அந்த வலியோட வெந்நி வச்சுக் குளிச்சு, தலைக்கு எண்ணெ தடவி, நகத்துல இருந்த கொழுந்துக் கறையத் தேச்சுத் தேச்சுப் பாத்தா. போகல. கையச் சீலைக்குள்ள மறைச்சுக்கிட்டுப் போனா.

அழுக்கா வந்தப்பவும் நீங்க அவள உள்ள எடுக்கல. சுத்தமா வந்தப்பவும் எடுக்கல. அவ எப்பிடித்தான் வந்திருக்கணும்? இதை மட்டும் எனக்கு எழுதுங்க. கடுதாசி வேணாம், கையெழுத்து வேணாம். இதுக்கு ஒரு பதில் போதும்.

அங்கம்மா

~

சாவகச்சேரி
11.4.1960

அங்கம்மாவுக்கு,

உமது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று கிழமையாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வியாழக்கிழமை நினைவில் இல்லை. நீர் எழுதியதைப் படித்தபோது அது பொய் என்று சொல்ல விரும்பினேன். ஆனால் அந்தச் சொற்கள் என்னுடைய சொற்கள்தான். அப்படி நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அவளுக்குச் சொன்னது தனியாக நினைவில் நிற்கவில்லை.

நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அன்று பின்னேரம் அவளை இரண்டு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையில் நான் அவளுடைய நாடியைப் பிடிக்கவில்லை. அப்போதுதான் பிடித்தேன், பிடிக்க அங்கே நாடி இல்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே கடதாசி மாதிரி வெள்ளை. வயிறு பலகை போல் கிடந்தது. என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பிள்ளை தங்க வேண்டிய இடத்தில் தங்காமல் கருக்குழாயில் தங்கி, அது வெடித்து, இரத்தம் முழுவதும் வயிற்றுக்குள் போய்விட்டது. வியாழக்கிழமையே லொறியில் ஏற்றிப் பதுளை ஆசுபத்திரிக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பியிருந்தாலும் ஒருவேளை பிழைத்திருக்கலாம். இமையை இழுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். நான் அந்த அரை நிமிடத்தைச் சீலையைப் பார்ப்பதில் செலவழித்தேன்.

டிஸ்பென்சரிப் புத்தகத்தில் சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்று எழுதினேன். எவரும் கேட்கவில்லை.

இங்கே வந்த பிறகு அவளைக் காண்கிறேன். இதை என் மனைவிக்கும் நான் சொன்னதில்லை. பட்டப்பகலில், சனம் நிறைந்த இடத்தில்தான் காண்கிறேன். சந்தையில் மரக்கறி விற்கிறவர்களுக்கு அப்பால், கோயில் வீதியில், ஒருமுறை கொடிகாமத்தில் பஸ்ஸுக்குள். எப்போதும் முதுகுப்புறம்தான். நீலச் சீலை, அரக்குக் கரை, எண்ணெய் தடவி இழுத்துக் கட்டிய கொண்டை. கை இரண்டும் சீலைக்குள் இருக்கும். ஏன் கைகளை ஒளிக்கிறாள் என்று இவ்வளவு காலமும் எனக்கு விளங்கவில்லை. உமது கடிதத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. நான் கிட்டப் போனால் அது வேறு யாரோ ஒரு பெண்ணாக இருக்கும். போன தைப்பொங்கலுக்கு என் மனைவி சரோஜாதேவி ஒரு நீலச் சீலை வாங்கி வந்தாள். அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடு என்று சத்தம் போட்டேன். காரணம் சொல்லவில்லை.

நீர் கேட்ட கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். ஒன்றும் மறைக்காமல் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அது ஜெயமலர் உடுத்திய சீலைதான். அதே கரை. முந்திய தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு அதை உடுத்தி வந்திருந்தார். அது எப்படி இவளிடம் வந்தது? கனகசபையர் கொடுக்கவில்லை என்பது உமக்குத் தெரியுமென்றால், கொடுத்தவர் யாரென்றும் தெரியும். அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பன்னிரண்டு வருடம் இந்தப் பழி நின்றிருக்காதே. ஏன் சொல்லவில்லை?

செல்வரத்தினம்

~

வெள்ளைப்பாறைத் தோட்டம்
2.5.1960

ஐயா அவர்களுக்கு,

நீங்க அனுப்புன கடுதாசிய மாடசாமி அண்ணன்கிட்டப் படிச்சுக் காட்டினேன். விறகு வெட்டிக்கிட்டு இருந்தவரு, கத்திய வைக்காமக் கேட்டாரு. கடைசியில, "கடுதாசி யாரும் எழுதலாம். அந்த ஆளு எல்லாருக்கும் முன்னால நின்னுதானே கேட்டாரு. அதே மாதிரி எல்லாருக்கும் முன்னால வந்து சொல்லட்டும். அப்பிடியே வந்து சொன்னாலும், சீலை குடுத்தது யாருன்னு நான் கேப்பேன்"னு சொன்னாரு.

நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கீங்க. ரெண்டு பக்கமும் ஒரே கேள்வி என்னைப் பாத்து நிக்குது.

நான்தான் ஐயா குடுத்தேன்.

அது என்னோட சீலை இல்ல. ஜெயமலர் அம்மாவோட சீலை. துவைக்கிறது, கஞ்சி போடுறது, மடிச்சு அலுமாரியில வைக்கிறது எல்லாம் என் வேலை. அந்த வியாழக்கிழமை பொழுது சாய இராக்கு எங்கிட்ட வந்து, "மனுசர் மாதிரி உடுத்திக்கிட்டு வரச் சொல்லிட்டாரு. எங்கிட்ட இருக்குற ரெண்டும் கிழிசல். நான் எங்க போவேன்?"னு கேட்டா. நான் நாலு நாளா சமயம் பாத்து, செவ்வாக்கிழமை காலையில அம்மா பூசை அறையில இருக்கும்போது அலுமாரியத் தொறந்து அத எடுத்துக்கிட்டுப் போய் அவளுக்குக் குடுத்தேன். கேக்காம எடுத்தேன். பத்து மணிக்குள்ள திருப்பி வச்சிரலாம்னு நெனச்சேன்.

டிஸ்பென்சரியில நடந்தத அவ லயத்துக்கு வந்து சொன்னா. நீங்க கிளாக்கர் பேரச் சொன்னப்ப உண்மையச் சொல்லியிருந்தா என்னைத் திருடின்னு போலிசுல குடுத்திருப்பாங்கன்னுதான் அவ வாய மூடிக்கிட்டு இருந்தா. எனக்காக.

அவ செத்த பொறகு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. மொத வாரம் வேலை போயிரும்னு பயம். ஊரே கிளாக்கர் பேரோட அவ பேரச் சேத்துப் பேச ஆரம்பிச்ச பொறகு, இப்பச் சொன்னா இத்தனை நாளா ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயம். வருசம் ஏற ஏற சொல்றதுக்கு வழி அடைஞ்சுக்கிட்டே போச்சு. ஐம்பத்தி ரெண்டுல கிளாக்கர் குடும்பம் யாழ்ப்பாணம் போனப்பவாவது சொல்லியிருக்கலாம். எழுத்துச் சொல்லிக் குடுத்த அம்மாவுக்கு நான் திருடின்னு சேதி போகுமேன்னு விட்டுட்டேன்.

நீங்க அவள முதுகுப்புறமாக் காணுறதா எழுதியிருந்தீங்க. நான் எதிர்லயே கண்டிருக்கேன் ஐயா. இராக்குவப் பொதச்ச பொறகு வந்த மொத வெள்ளிக்கிழமை ஜெயமலர் அம்மா பூசைக்கு அந்தச் சீலையத்தான் கட்டிக்கிட்டு வெளிய வந்தாங்க. எனக்குக் கையில இருந்த செம்பு நழுவிருச்சு. அவங்களுக்கு அது புடிச்ச சீலை. நாலு வருசம் கட்டுனாங்க. நாலு வருசமும் நான் அதத் துவைச்சேன். கல்லுல அடிக்க மனசு வராமக் கையால கசக்குவேன். "அங்கம்மா, இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?"னு அம்மா கேப்பாங்க.

இன்னொண்ணும் இருக்கு. இதைச் சொல்லாம விட்டா மத்தது எல்லாம் சொல்லி என்ன. அவ டிஸ்பென்சரியில இருந்து திரும்பி வந்து சீலைய மடிச்சு எங்கிட்ட நீட்டுனா. நான் அத வாங்கி வெளிச்சத்துல பிரிச்சு, கரை கரையாத் தடவி, சேறு பட்டிருக்கான்னு பாத்தேன். அவ செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா. "ஒரு பொட்டு அழுக்குப் படலடி. நல்லாப் பாத்துக்க"ன்னா. நான் நல்லாப் பாத்தேன். சீலையத்தான் பாத்தேன். அவ நிக்க முடியாம நிக்கிறதப் பாக்கல.

நீங்க மட்டும் இல்ல ஐயா.

அங்கம்மா

~

சாவகச்சேரி
5.6.1960

அங்கம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஆறுதல் எதுவும் எழுத எனக்குத் தகுதியில்லை. எழுதவும் போவதில்லை.

மாடசாமி கேட்டது நியாயம். நான் வருகிறேன். ஜூலை ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, கொழும்பிலிருந்து வரும் பகல் வண்டியில் தெமோதரையில் இறங்குவேன். மறுநாள் ஞாயிறு. தோட்டத்தில் வேலை இராது, எல்லோரும் இருப்பார்கள். கோயிலுக்கு முன்னால் ஆட்களைக் கூட்டித் தர முடியுமானால் நல்லது. எல்லத் தோட்டத்துப் பையன் வீட்டாரும் வந்தால் இன்னும் நல்லது.

என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பேச வேண்டாம், நின்றுகொண்டு சொல்லுங்கோ" என்றாள். தானும் கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாமென்றேன்.

என் பங்கை நான் சொல்லுவேன். சீலை யார் கொடுத்தது என்று கேட்டால், எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்று சொல்லுவேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது, அல்லது சொல்லாமல் விட வேண்டியது. உங்களை நான் நெருக்கவில்லை. நெருக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

செல்வரத்தினம்

~

வெள்ளைப்பாறைத் தோட்டம்
12.9.1960

ஐயா அவர்களுக்கு,

ஐயா போய்ச் சேர்ந்து போட்ட தபால் அட்டை வந்துச்சு. பதில் போட ரெண்டு மாசம் ஆயிருச்சு. இங்க ஒவ்வொண்ணா நடந்து முடியட்டும்னு இருந்தேன்.

தெமோதரை ஸ்டேசன்ல நடந்தத நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, தொப்பின்னு ஒருத்தரத் தேடி அந்தக் கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடுனேன். வேட்டி கட்டிக்கிட்டு, குடையோட பெஞ்சியில குந்தியிருந்த பெரியவர ரெண்டு தரம் தாண்டிப் போனேன். நீங்க கூப்புடலன்னா வீட்டுக்கே திரும்பியிருப்பேன்.

கோயில் முன்னால நீங்க நின்னு பேசுனப்ப யாரும் சத்தம் போடுவாங்க, கல்லெடுப்பாங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தரும் அசையல. நீங்க "சொல்ல மாட்டேன்"னு சொன்னதும், மாடசாமி அண்ணன் உங்களப் பாக்காமக் கூட்டத்தப் பாத்தாரு பாருங்க, அப்பத்தான் எனக்கு வாய் தொறந்துச்சு. சீலை நான்தான் குடுத்தேன்னதுக்கு மேல என்ன சொன்னேன்னு முழுசா ஞாபகம் இல்ல. நீங்க கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க.

நீங்க போன பொறகு நடந்ததச் சொல்றேன். அண்ணன் ரெண்டு நாளு பெரட்டுக்கும் வேலைக்கும் போகல. மூணாம் நாள் எங்க லயத்துக் காம்பரா வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரச் சொன்னேன், வரல.

"அந்த மனுசன் வேத்தாளு. நீ அப்பிடியா? பன்னெண்டு வருசம் எம்புள்ளைக்குத் தலை வாரி விட்டியே அங்கம்மா. ஒரு நாளு கூடச் சொல்லத் தோணலையா?"ன்னாரு.

"தோணாத நாளு இல்லண்ணே"ன்னேன்.

"நானும் ஒரு நாளாவது அவள நம்பிப் பாத்திருக்கலாம்"னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. அதுக்குப் பொறகு எங்கிட்டப் பேச்சு இல்ல. நேரா இராக்குவப் பொதச்ச எடத்துக்குப் போனதா மலைக்குப் போன பொம்பளைங்க சொன்னாங்க. அவ குழி எதுன்னு அடையாளம் தெரியாம, அந்த வரிசையில இருந்த எல்லா மேட்டுலயும் புல்லு செதுக்கிட்டு இருந்தாராம்.

கந்தப்பன் வீட்டுல திரும்ப வந்தாங்க. பையனோட அம்மா பெரியாயி கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. ஆவணியில கலியாணம் முடிஞ்சுருச்சு. எனக்கு அண்ணன் வெத்தல பாக்கு வைக்கல. புள்ள வந்து கூப்புட்டுச்சு. நான் பந்தலுக்கு வெளிய, சமையல்காரங்களோட நின்னு பாத்தேன். அது போதும் எனக்கு. தோட்டத்துல பாதிச் சனம் எனக்கு இப்பத் தண்ணி குடுக்கிறதில்ல. அதுவும் சரிதான்.

இப்ப எழுதுறதுக்குக் காரணம் வேற. கலியாணத்துக்கு மொத நாள் பெரியாயி எங்கிட்ட வந்து குந்துச்சு. கோவமா ஏதாவது கேக்கும்னு நெனச்சேன். அப்பிடிக் கேக்கல. "அத்தை, எங்க அம்மா பாக்க எப்பிடி இருக்கும்? எனக்கு எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது. நீங்கதானே அது கூடவே இருந்தீங்க"ன்னுச்சு.

ஒரு படம் கூட எடுத்து வைக்கலையே ஐயா. நான் சொல்றதுக்கு வாயத் தொறந்தேன். நீலம் வந்துச்சு. அரக்குக் கரை வந்துச்சு. கொசுவம் எத்தனை மடிப்பு எடுத்து விட்டேன்னு கூட வந்துச்சு. அதுக்கு மேல இருக்க வேண்டிய முகம் வரல. சின்னப் புள்ளையில இருந்து ஒண்ணாக் கொழுந்து எடுத்தவ, ஒரே தட்டுல தின்னவ. கண்ண மூடிப் பாத்தேன், தொறந்து பாத்தேன், அந்தச் சீலைதான் நிக்குது. புள்ள என் வாயவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "அழகா இருப்பா"ன்னு சொன்னேன். அது எந்திரிச்சுப் போயிருச்சு.

நீங்க அவள ரெண்டு தரம் கிட்டத்துல வச்சுப் பாத்தவரு. செத்த பொறகும் பாத்தவரு. டாக்டருங்களுக்கு ஆளுகளோட அடையாளம் மறக்காதுன்னு சொல்வாங்க. நெத்தி எப்பிடி, மூக்கு எப்பிடி, மச்சம் கிச்சம் இருந்துச்சா, எது ஞாபகம் இருந்தாலும் எழுதுங்க. புள்ளைக்குச் சொல்லணும்.

அங்கம்மா

~

சாவகச்சேரி
1.10.1960

அங்கம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து முயன்று பார்க்கிறேன். சந்தைக்கும் போய் நின்று பார்த்தேன். முந்தாநாளும் நீலச் சீலையில் அவர் வந்தார். நீங்கள் கேட்டதற்காக, இந்த முறை நான் ஓடிச் சுற்றி முன்னால் போய் நின்றேன். அது புகையிலைக் கடைக்காரரின் மருமகள். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

எனக்கு நினைவிருப்பவை இவைதான். வலது காலில் அட்டை கடித்த இரண்டு தழும்புகள். துண்டை வாங்க நீட்டிய கை, அதில் விரல் நுனிகள் கறுத்திருந்தன. நான் பேசும்போது "ஐயா, வயித்துல" என்று ஒரு தரம் தொடங்கினார். குரல் மெல்லியது. நான் முடிக்க விடவில்லை. பின்னேரம் கண் இமையை இழுத்தபோது அதன் உட்புறத்தைப் பார்த்தேன். வெளிறல் எவ்வளவு என்று பார்த்தேன். அந்தக் கண் எப்படியிருந்தது என்று பார்க்கவில்லை.

முகத்தை நான் பார்க்கவில்லை, அங்கம்மா. மூன்று தரம் எனக்கு முன்னால் இருந்தார், மூன்று தரமும் பார்க்கவில்லை. பிள்ளையிடம் இதை மறைக்க வேண்டாம். நல்ல வார்த்தையாக எதையும் சேர்த்துச் சொல்லவும் வேண்டாம்.

பெரியாயியைத் தகப்பனிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். தாயின் பேரைச் சொல்லாமலிருந்த மனிதர்தான் அவர். ஆனாலும் எங்கள் எல்லோரிலும் அந்த முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். தாமதிக்காமல் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கும் வயதாகிறது.

செல்வரத்தினம்